கண்டி என்ற பெயரில் ஆடுகிறவர்கள்

2023 ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் தம்புள்ளை அவுரா அணியை ஐந்து விக்கெட்டுகளால் வென்று கண்டி அணி முதன்முறையாக லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) கிண்ணத்தைக் கைப்பற்றியது. இலக்கு 148. கடைசி ஓவரில் ஒரு பந்து மீதமிருக்கும்போதுதான் அதை எட்ட முடிந்தது. வழமையான தலைவர் வனிந்து ஹசரங்க காயத்தால் இறுதிப் போட்டியில் ஆடவில்லை. அவருக்குப் பதிலாகத் தலைமை தாங்கிய அஞ்சலோ மெத்திவ்ஸ் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று அணியைக் கரை சேர்த்தார். தொடரில் அதிக ஓட்டம் எடுத்தவரும் (279) அதிக விக்கெட் எடுத்தவரும் (19) ஹசரங்கதான். ஒரே தொடரில் ஒருவரே இரண்டு பட்டியலிலும் முதலிடம் பெறுவது எந்த லீக்கிலும் அபூர்வம்.

அன்று கண்டியில் மகிழாத கிரிக்கெட் இரசிகர் இருந்திருக்க மாட்டார். ஆனால் வென்றவர்கள் யார்? ஹசரங்கவும் இறுதிப் போட்டியில் நன்றாக ஆடிய கமிந்து மெண்டிஸும் காலி ரிச்மண்ட் கல்லூரியின் பிள்ளைகள். மெத்திவ்ஸ் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் வளர்ந்தவர். அணியின் பெயர்கூட வெறும் கண்டி இல்லை, ‘பி-லவ் கண்டி’. முன்னொட்டு உரிமையாளரின் வியாபாரப் பெயர். அடுத்த ஆண்டே அது உதிர்ந்துவிட்டது. கிண்ணம் வென்ற பெயரில் இன்று அணியே கிடையாது.

விளையாட்டில் வெளியூர்க்காரரைச் சேர்ப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹசரங்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கண்டியின் தலைவராக இருந்தார். அவரை எங்கள் ஊர்க்காரராகவே இரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கேள்வி வேறு. ஒரு ஊரின் பெயரைச் சொல்லி அந்த ஊர் மக்களின் பாசத்தைக் கேட்கும் லீக், அந்த ஊருக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது? யாரை எடுப்பார்கள், யாரை விடுவார்கள், பிளேஓஃப்பில் யாரைச் சந்திப்போம் என்று கண்டி வீதிகளில் நடக்கும் பேச்சைக் கூர்ந்து கேட்டால், இந்தக் கேள்விதான் வேறு வேறு உருவத்தில் எழுந்துகொண்டிருக்கிறது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 2020இல் கண்டி டஸ்கர்ஸ். 2021இல் கண்டி வோரியர்ஸ். 2022இல் கண்டி பெல்கன்ஸ். 2023இல் பி-லவ் கண்டி. 2024இல் மறுபடியும் பெல்கன்ஸ். ஐந்து தொடர்களில் நான்கு பெயர். நிறமும் இலச்சினையும் அதோடு மாறின. முதல் தொடருக்கு வாங்கிய ஜேர்சியை இரண்டாவது தொடருக்குப் போட முடியாது. தகப்பன் போட்ட ஜேர்சியை மகன் எடுத்துப் போடும் வழக்கம் இந்த அடிப்படையில் எப்படி உருவாகும்?

மைதானத்தின் கதையும் அதே. 2020 தொடர் கொரோனா காரணமாக முழுக்க ஹம்பாந்தோட்டை சூரியவெவயில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. 2021இல் ஆட்டங்கள் கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும். கண்டி என்ற பெயரில் இரண்டு ஆண்டுகள் ஆடிய அணி அந்த இரண்டு ஆண்டும் கண்டி மண்ணில் ஒரு பந்துகூட வீசவில்லை. பல்லேகலைக்கு எல்.பி.எல். வந்தது 2022 டிசெம்பரில்தான்.

அந்த முதல் இரண்டு தொடர்களிலும் கண்டிக்குக் கடைசி இடம். ஆனால் தொடக்கம் மறக்க முடியாதது. 2020 நவம்பர் 26ஆம் திகதி, லீக் வரலாற்றின் முதல் ஆட்டத்தில் கொழும்பு கிங்ஸுக்கு எதிராகக் கண்டி 219 ஓட்டங்கள் குவித்தது. தலைவர் குசல் ஜனித் பெரேரா 87. கொழும்பும் சரியாக 219இல் நின்றது. சுப்பர் ஓவரில் கண்டி தோற்றது. அந்த அணிக்கென்று வீரர் தெரிவில் எடுத்த கிறிஸ் கெய்ல் வரவே இல்லை. தொடர் தொடங்குமுன் விலகிவிட்டார். பெயரைக் காட்டி ஆசையூட்டிவிட்டு ஆளைக் காட்டாத இந்த வகை ஏமாற்றத்தைச் சின்ன லீக்குகளின் இரசிகர்கள் எல்லா நாட்டிலும் அனுபவிக்கிறார்கள். பெரிய லீக் கூப்பிட்டால், நாட்டு அணி கூப்பிட்டால், உடல் நோவென்றால், முதலில் கைவிடப்படுவது சின்ன லீக்.

பிளேஓஃப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்டி இரசிகரின் அரைவாசி மனவேதனை அங்கேதான் இருக்கிறது.

2020இல் எல்.பி.எல். வழமையான அரையிறுதி முறையில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ.பி.எல். 2011இலிருந்து பின்பற்றும் முறைக்கு மாறியது. முதலாம், இரண்டாம் இடத்து அணிகள் முதல் தகுதிகாண் போட்டியில் மோதும். வென்றவர் நேரே இறுதிக்கு. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் வெளியேற்றப் போட்டியில் மோதுவார்கள். தோற்றவர் வீட்டுக்கு. வென்றவர் இரண்டாம் தகுதிகாண் போட்டியில் முதலாவதில் தோற்றவரைச் சந்திப்பார். 1931இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கால்பந்து லீக் கொண்டுவந்த முறை இது. நீண்ட லீக் சுற்றில் உழைத்து மேலே வந்தவரை ஒரு மோசமான இரவு அழித்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நோக்கம் தெளிவாகத் தெரியும். எல்லா அணிகளும் சம பலம், ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இடத்தவர்களுக்குக் கிண்ணம் கிடைக்கும் வாய்ப்பு எட்டில் மூன்று. மூன்றாம், நான்காம் இடத்தவர்களுக்கு எட்டில் ஒன்று. மூன்று மடங்கு வித்தியாசம். லீக் சுற்றில் எடுத்த ஒவ்வொரு வெற்றிக்கும் கிடைக்கும் கூலி அது.

இந்தக் கணக்கைக் கண்டி தலைகீழாக்கியது. 2022இல் ஹசரங்கவின் தலைமையில் பெல்கன்ஸ் புள்ளிப்பட்டியலில் முதலிடம். பிறகு முதல் தகுதிகாண் போட்டியில் யாழ்ப்பாணத்தின் ஜப்னா கிங்ஸிடம் 24 ஓட்டங்களால் தோல்வி. இரண்டாவதில் கொழும்பு ஸ்டார்ஸிடம் தோல்வி. எட்டில் மூன்று வாய்ப்போடு போனவர்கள் இறுதிப் போட்டியைக்கூடக் காணவில்லை. 2023இல் மூன்றாம் இடம், எட்டில் ஒன்று வாய்ப்பு. வெளியேற்றப் போட்டியில் ஹசரங்க 9 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்த, ஜப்னா கிங்ஸ் 61 ஓட்டங்களால் சரிந்தது. காலி டைட்டன்ஸும் தோற்றது. இறுதியில் தம்புள்ளை. தொடர்ந்து மூன்று வாழ்வா சாவா ஆட்டங்களை வென்றுதான் கிண்ணம் வந்தது. 2024இல் நான்காம் இடம். வெளியேற்றப் போட்டியில் கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸை இரண்டு விக்கெட்டுகளால் தாண்டினார்கள். இரண்டாம் தகுதிகாணில் ஜப்னா கிங்ஸிடம் ஒரே ஒரு ஓட்டத்தால் தோற்றார்கள். ஜப்னாவின் குசல் மெண்டிஸ் அன்று சதமடித்தார். கண்டியைத் தாண்டிய ஜப்னா கிங்ஸ் இறுதியில் காலி மார்வல்ஸை ஒன்பது விக்கெட்டுகளால் வென்றது. அந்த ஒரு ஓட்டம் கண்டிப் பக்கம் விழுந்திருந்தால் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டியதும் இல்லை.

இனி ஏலம். முதல் மூன்று தொடர்களில் வீரர்களை வரிசை முறையில் தெரிவு செய்தார்கள். எங்களூரில் ‘ட்ராஃப்ட்’ என்றே சொல்வார்கள். ஒரு அணி ஒரு பெயரைச் சொல்லும், அடுத்த அணி அடுத்த பெயரைச் சொல்லும். 2023 ஜூன் 14ஆம் திகதிதான் இலங்கையில் முதல் எல்.பி.எல். ஏலம் நடந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஐந்து இலட்சம் அமெரிக்க டொலர் உச்ச வரம்பு. டில்ஷான் மதுஷங்கவை ஜப்னா கிங்ஸ் 92,000 டொலருக்கு எடுத்தது அன்றைய உச்ச விலை.

இந்த ட்ராஃப்ட் முறை வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டான பனி ஹொக்கியில், என்.எச்.எல். லீக் 1963இல் முதன்முதலாக இளம் வீரர்களின் ட்ராஃப்ட் நடத்தியது. அதற்கு முன் பெரிய கழகங்கள் சிறுவர் அணிகளுக்குப் பணம் கொடுத்து நல்ல பிள்ளைகளை முன்கூட்டியே கட்டிப்போட்டு வைத்திருந்தன. அதை உடைக்கத்தான் ட்ராஃப்ட். கடைசியாக வந்த அணிகளுக்கு முன்னுரிமை. இன்று தோற்பவனுக்கு நாளைக்கு ஒரு நம்பிக்கை. ஸ்காபரோவில், மார்க்கத்தில் வாழும் எங்கள் சொந்தக்காரர்கள் டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் பற்றிப் பேசும்போது இதை நன்றாகக் கேட்கலாம். 1967இற்குப் பிறகு கிண்ணம் காணாத அணி அது. 2015-16 பருவத்தில் லீக்கிலேயே கடைசி இடத்துக்குப் போய், அதனால் கூடிய வாய்ப்போடு குலுக்கலில் கிடைத்த முதல் தெரிவில் ஓஸ்டன் மத்யூஸை எடுத்தது. அவர் இப்போது அணித்தலைவர். தோல்விக்கு ஒரு பயன் இருந்தது. அணி அதே அணியாக இருந்ததால் அந்தப் பயன் அதன் கையில் தங்கியது.

எல்.பி.எல்.இல் கடைசி இடத்தால் கண்டிக்கு என்ன கிடைத்தது? உரிமையாளர் மாறினார், பெயர் மாறியது, பெரும்பாலான வீரர்கள் மாறினார்கள். 2021இன் தோல்வியிலிருந்து 2022இன் அணி எதையும் சுதந்தரிக்கவில்லை. முறையை மட்டும் இறக்குமதி செய்தோம். அந்த முறை எதைக் காப்பாற்றப் பிறந்ததோ அதை விட்டுவிட்டோம்.

2024 ஏலம் மே 21ஆம் திகதி. அந்த வாரம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குக் கிட்ட ஒரு சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கதிரையில் இருந்தவன் ஏ.எல். படிக்கும் வயதுப் பையன். வெட்டுபவர் நடுத்தர வயது.

“அண்ணே, பத்திரணவ நம்ம ஆளுங்க எடுக்கல்லையா?”

“கொழும்புக்காரங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் குடுத்திருக்காங்க தம்பி. டொலர்ல. நம்ம ஆளுங்க எங்க போவாங்க?”

“ட்ரினிட்டில படிச்ச பொடியன் அண்ணே. நம்ம ஊரு.”

“ஊரு பார்த்தா ஏலம் போடுறான்? தலைய ஆட்டாத, காது போயிடும்.”

மதீஷ பத்திரணவின் வழி முழுக்கக் கண்டி வழி. முதலில் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவை ரணபிம றோயல் கல்லூரி. பிறகு ட்ரினிட்டி என்று அழைக்கப்படும் திரித்துவக் கல்லூரி. கையை மிகவும் தாழ்த்தி, லசித் மாலிங்கவை ஒத்த பாணியில் வேகமாக வீசும் அவரை 2022இல் சென்னை சுப்பர் கிங்ஸ் மாற்று வீரராக அழைத்தது. 2025 தொடருக்கு அவரை 13 கோடி இந்திய ரூபா கொடுத்துத் தக்கவைத்தது. ஆனால் இலங்கையின் சொந்த லீக்கில், 2023, 2024 இரண்டு தொடர்களிலும் அவர் கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் வீரர். 120,000 டொலர் என்பது அதுவரை எல்.பி.எல். கண்ட உச்ச விலை. 2024 வெளியேற்றப் போட்டியில் கண்டி வீழ்த்திய அணி அதுதான். கண்டிப் பிள்ளை அந்தப் பக்கம், காலிப் பிள்ளைகள் இந்தப் பக்கம். கண்டி இரசிகர் எந்தப் பக்கம் கைதட்டுவது?

பத்திரண பள்ளி மாறியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் உண்மையான ட்ராஃப்ட் ஹோட்டல் மண்டபத்தில் நடப்பதில்லை. அது பதினைந்து, பதினாறு வயதில், கிராமப் பாடசாலையிலிருந்து பெரிய கல்லூரிக்குப் பிள்ளை போகும்போது நடந்துமுடிகிறது. திறமையைக் கண்டு கூப்பிடுகிறார்கள். விடுதி, சாப்பாடு, பயிற்சியாளர், புல்தரை எல்லாம் கிடைக்கிறது. பல பிள்ளைகளின் வாழ்க்கையை அது மாற்றியிருக்கிறது. கூப்பிடப்படாத பிள்ளைகளின் வாழ்க்கை எப்படிப் போனது என்று எழுதியவர் இல்லை.

இதை எழுதும்போது முரளியை விட்டுவிட்டுப் போக முடியாது. முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். குடும்பத்துக்கு பிஸ்கட் தொழிற்சாலை. படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. 2007 டிசெம்பர் 3ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னின் உலக சாதனையைத் தாண்டினார். தன் ஊரில், தன் மக்களுக்கு முன்னால். 2008 பெப்ரவரியில் மும்பையில் முதல் ஐ.பி.எல். ஏலம் நடந்தபோது சென்னை அவரை 600,000 டொலருக்கு எடுத்தது. அதே நாளில் கண்டியில் வளர்ந்த இன்னொருவர், திரித்துவக் கல்லூரியின் குமார் சங்கக்கார, 700,000 டொலருக்குப் பஞ்சாபுக்குப் போனார். மனிதரை விலை சொல்லி எடுப்பது கண்டிக்கு அறிமுகமானது அன்றுதான். கண்டித் தமிழர் பலர் சென்னை அணியின் இரசிகரானதும் அன்றிலிருந்துதான்.

முரளி மலையகத் தமிழர் என்பதில் எங்களுக்குப் பெருமை. ஆனால் அவர் நகரத்தில், வசதியுள்ள வீட்டில், புல்தரை மைதானம் கொண்ட கல்லூரியில் வளர்ந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் பிள்ளைகள் ஆடுவது மென்பந்து. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுப்போட்டி நடக்கும். சரிவான தரையில், பந்து தேயிலைக்குள் போனால் தேடி எடுப்பதற்கென்றே இரண்டு பேரை நிறுத்தி ஆடுவார்கள். அங்கே ஆறடி உயரத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் இருந்தால் அவனை யார் பார்ப்பார்கள்? கடினபந்துக்கு வேண்டிய கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், மட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் போதாது. முரளியின் உயரத்துக்கு இன்னொரு மலையகப் பிள்ளை வராததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவருடன் நான் உடன்படமாட்டேன்.

முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். 2020இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி தன் குழாத்தில் வடக்கின் இளைஞர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்களில் ஒருவர் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். அந்த டிசெம்பரில், பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் லீக்கில் அறிமுகமானார். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை அழைத்தது. காயமடைந்த ஹசரங்கவின் இடத்துக்கு! மே 8ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக ஐ.பி.எல்.இல் பந்து வீசினார். அந்த அணியின் சுழற்பந்துப் பயிற்சியாளர் முரளிதரன். ஒரு ஊர் அணி தன் ஊர்ப் பையனுக்கு ஒரு கதிரை ஒதுக்கியதால் நான்கு ஆண்டுகளில் நடந்தது இது. யாழ்ப்பாண அணி அதனால் பலவீனமடைந்துவிடவும் இல்லை. ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணங்கள் அவர்களுடையவை.

கண்டியில் ஊருக்கும் அணிக்கும் இடையிலான உறவு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. அது ரக்பியில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 1891இல் எல். ஈ. பிளேஸ் கண்டியில் தொடங்கிய பாடசாலையில், இன்றைய கிங்ஸ்வூட் கல்லூரியில், இலங்கைப் பாடசாலை ரக்பி பிறந்தது. 1906இல் போகம்பரையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் ஆடிய முதல் பாடசாலை ஆட்டம் 6-6 என்று சமநிலையில் முடிந்தது. 1945இலிருந்து திரித்துவத்துக்கும் கொழும்பு றோயலுக்கும் பிராட்பி கேடயம். அதில் பிளேஓஃப் இல்லை. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம், இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி யார் அதிகமோ அவருக்குக் கேடயம். முதல் ஆட்டத்தில் தோற்ற பக்கம் ஒரு வாரத்துக்கு மேல் அந்த வித்தியாசத்தைச் சுமந்துகொண்டு திரியும். கண்டிக் கடைகளில் அந்த நாட்களில் வேறு பேச்சு இருக்காது.

1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு நித்தவெல மைதானம் தாய்வீடு. 1990களிலிருந்து இலங்கைக் கழக ரக்பியை ஆண்டு வந்திருப்பது இந்தக் கழகம்தான். கழக லீக்கில் சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் ஆடி, மொத்தப் புள்ளியில் சாம்பியன் தெரிவாவார். நித்தவெலவில் வெல்வது கொழும்புக் கழகங்களுக்கு மலை ஏறுவதற்குச் சமம். அங்கேயும் காசு பேசுகிறது. பிஜியிலிருந்து வீரர் வருகிறார். பருவம் முடிந்ததும் யார் எந்தக் கழகத்துக்குத் தாவுகிறார் என்ற வதந்தி பறக்கிறது. கிரிக்கெட் ஏலத்துக்கு முந்திய வாரம் போலவே இருக்கும். ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு. திரித்துவம், கிங்ஸ்வூட், அந்தோனியார், தர்மராஜ, வித்யார்த்த, சில்வெஸ்டர் என்று நகரின் பாடசாலைகளிலிருந்து நித்தவெலவுக்கு ஒரு பாதை இருக்கிறது. கிங்ஸ்வூட்டில் படித்த பாசில் மரிஜா அந்தப் பாதையில் வந்து, கண்டிக்கும் பின்னர் இலங்கைக்கும் தலைவரானார். பதினேழு வயதில் அவரைப் பாடசாலை ஆட்டத்தில் பார்த்தவர்களே முப்பது வயதில் அவரை நித்தவெலவில் பார்த்தார்கள். ஒரு வீரரைப் பற்றி இரசிகர் பேசும் பேச்சுக்கு எடை வருவது அப்படித்தான்.

டொரொன்டோவிலும் இதைக் கண்டேன். மார்க்கத்தில் பிறந்த மிட்ச் மார்னரை 2015 ட்ராஃப்டில் நான்காவதாக எடுத்த மேப்பிள் லீஃப்ஸ், ஒன்பது பருவங்களுக்குப் பிறகு 2025 ஜூன் இறுதியில் வேகாஸுக்குப் பரிமாற்றம் செய்தது. திட்டியவர்களும் அழுதவர்களும் ஒன்பது வருடம் அவரோடு வாழ்ந்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்னை ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது கண்டியில் எங்கள் வீடுகளிலும் அப்படியொரு கலக்கம் இருந்தது. அதே நாட்களில் சென்னை பத்திரணவையும் விடுவித்தது. டிசெம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. ஐ.பி.எல்.இல் இலங்கை வீரர் ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை அது. சென்னை அணியின் பரிமாற்றத்துக்குக் கண்டியில் நெஞ்சு அடிக்கிறது. கண்டி அணியின் பரிமாற்றத்துக்கு அடிப்பதில்லை. பிரிவு வலிக்க வேண்டுமென்றால் முதலில் சேர்ந்து இருந்திருக்க வேண்டும்.

ஊர் அணி என்ற ஒன்று கண்டிக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்லேகலை மைதானத்துக்குப் போகும் வீதியே திகனைக்கும் தெல்தெனியவுக்கும் போகிறது. 2018 மார்ச்சில் அந்தப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே சந்தையில் வாங்கி ஒரே பஸ்ஸில் போகும் மாவட்டம் இது. ஆனால் மூவரும் ஒரே விடயத்துக்காக ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்தும் இடங்கள் மிகச் சில. நித்தவெல அதில் ஒன்று. பல்லேகலைப் புல்மேடு இன்னொன்றாக முடியும். 2024 ஜூலை 1ஆம் திகதி தொடரின் முதல் ஆட்டமே அங்கே, பெல்கன்ஸுக்கும் தம்புள்ளை சிக்ஸர்ஸுக்கும் நடந்தபோது அந்தச் சாத்தியம் கண்ணில் தெரிந்தது. புல்மேட்டில் பாய் விரித்து இருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்குப் பணிஸ் பகிர்ந்தது. இரு வீட்டாரும் பேசியது ஹசரங்க எத்தனையாவது ஓவரில் பந்தைக் கையில் எடுப்பார் என்பதைத்தான்.

லீக்கின் நம்பகத்தன்மையும் இதோடு கட்டுண்டது. அதே 2024 ஏலத்துக்கு மறுநாள் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. அணி கைமாறிப் பெயரும் மாறியது. 2025இல் ஜப்னா, கொழும்பு அணிகளின் உரிமை ஒப்பந்தங்களும் ரத்தாகின. அந்த ஆண்டு நடக்கவிருந்த தொடர், 2026 இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்படுத்தவென்று ஒத்திவைக்கப்பட்டது. ஊரோடு வேர் இல்லாத அணியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், யார் வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். கேட்க ஆள் இருக்காது.

எனவே இலங்கை கிரிக்கெட் நிறுவனத்திடம் கேட்பதற்குக் கண்டி இரசிகருக்கு உரிமை உண்டு. அணியின் பெயரையும் நிறத்தையும் ஊரின் சொத்தாக்குங்கள். உரிமையாளர் மாறினாலும் அவை மாறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வோர் அணியின் குழாத்திலும் அந்த மாகாணத்தில் கிரிக்கெட் கற்ற இளைஞர்கள் மூவருக்காவது ஏலத்துக்கு முன்பே இடம் ஒதுக்குங்கள். அந்த மூவரைத் தேடும்போது ட்ரினிட்டியோடும் அந்தோனியாரோடும் நின்றுவிடாமல் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் ஒரு பயிற்சியாளரை அனுப்புங்கள். ஐந்து இலட்சம் டொலர் செலவழிக்கும் அணிக்கு மூன்று இளைஞரின் ஊதியம் பாரமே இல்லை. அடுத்த ஏலத்துக்கு முன் இந்த விதி வர வேண்டும். இதைப் படிக்கும் கண்டிக்காரர்கள், அடுத்த முறை யாரை வாங்கலாம் என்று பேசும்போது, உங்களூர்ப் பாடசாலை மைதானத்தில் நீங்கள் கண்ட ஒரு பிள்ளையின் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள்.